‘ரெண்டு பேப்பர் இருக்கு சார்’: நீலகிரியில் பாதியில் நிற்கும் பட்டப்படிப்புகள்

நீலகிரியில் ஒரு பையனிடம் ‘என்ன படிச்சிருக்கே?’ என்று கேட்டால் மூன்று விதமாகப் பதில் வரும். ‘டிகிரி முடிச்சிருக்கேன்’ என்பது ஒன்று. ‘டிகிரி போனேன்’ என்பது இரண்டாவது. போனேன், அவ்வளவுதான், மேற்கொண்டு பேச்சில்லை. மூன்றாவது பதில்தான் எனக்கு அடிக்கடி காதில் விழுகிறது: ‘பி.காம். சார், ரெண்டு பேப்பர் இருக்கு.’

கடைசியாக இதைச் சொன்னவர் ஊட்டியில் டாக்ஸி ஓட்டும் ஒரு இளைஞர். மே மாத சீசன். தொட்டபெட்டா சந்திப்புக்கு முன்னால் வண்டிகள் அரை மணி நேரமாக நகரவில்லை. பேச்சு வளர்ந்தது. மூன்று வருடமும் கல்லூரிக்குப் போயிருக்கிறார். 6 செமஸ்டர் பரீட்சையும் எழுதியிருக்கிறார். ஃபேர்வெல் அன்று வேட்டி கட்டி எடுத்த போட்டோவை செல்போனில் காட்டினார். அதெல்லாம் முடிந்து நான்கு வருடம் ஆகிறது. முதல் வருட ஆங்கிலம் ஒன்று, பிசினஸ் மேத்ஸ் ஒன்று, இரண்டும் அப்படியே நிற்கின்றன. பல்கலைக்கழகக் கணக்கில் அவர் பட்டதாரி இல்லை. அவருடைய அம்மா கணக்கில் பட்டதாரி. டி.என்.பி.எஸ்.சி. கணக்கில் குரூப் 4 எழுதலாம், குரூப் 2 பக்கம் போக முடியாது.

இவரைப் போல எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று யாரும் எண்ணுவதில்லை. எண்ணும் முறையே அப்படி அமைந்திருக்கிறது.

உயர்கல்வியில் நாம் முன்னணி என்று சொல்லிக்கொள்ள ஆதாரம் உண்டு. அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பின் 2021-22 அறிக்கையில் தமிழ்நாட்டின் மொத்தச் சேர்க்கை விகிதம் 47 சதவீதம். நாடு முழுவதற்கும் 28.4. 18 முதல் 23 வயது வரை உள்ள மக்கள்தொகையோடு ஒப்பிட்டால் கல்லூரிப் பதிவேட்டில் எத்தனை பெயர் இருக்கிறது என்பதுதான் இந்த எண். பெயர் இருந்தால் போதும். அந்தப் பெயருக்கு உரியவர் அன்று வகுப்பில் இருந்தாரா, கேத்தி பாலாடாவில் கேரட் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தாரா என்பது அதில் வராது.

சரி, தேர்ச்சி விகிதம் என்று ஒன்று கல்லூரிகள் வெளியிடுகின்றனவே என்று கேட்கலாம். தரம் பார்க்க நாக் குழு வரும்போது அந்த எண்ணைக் காட்டத்தான் வேண்டும். ஆனால் அது இறுதியாண்டுத் தேர்வு எழுதியவர்களில் எத்தனை பேர் தேறினார்கள் என்ற கணக்கு. ஒரு பேச்சுக்கு, ஒரு வகுப்பில் 60 பேர் சேர்ந்தார்கள். 36 பேர் கடைசி வரை வந்தார்கள். 33 பேர் தேறினார்கள் என்று வையுங்கள். 33-ஐ 36-ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 92 சதவீதம், பேனர் அடித்து வாசலில் கட்டலாம். 33-ஐ 60-ஆல் வகுத்தால் 55. நடுவில் காணாமல் போன 24 பேர் பேனரில் ஏறும் அந்த முதல் பின்னத்தின் தொகுதியிலும் இல்லை, பகுதியிலும் இல்லை.

அமெரிக்காவில் 1990-ல் இதற்கென்றே ஒரு சட்டம் போட்டார்கள். படிப்புக் காலத்தைப் போல ஒன்றரை மடங்கு ஆனதும், அதாவது நான்கு வருடப் படிப்பென்றால் ஆறு வருடம் கழித்து, சேர்ந்தவர்களில் எத்தனை பேர் முடித்தார்கள் என்று கல்லூரி சொல்ல வேண்டும். அதனால்தான் அங்கே ஆறு வருடத்தில் முடிப்பவர்கள் நூற்றுக்கு அறுபது சொச்சம்தான் என்பது எல்லோருக்கும் தெரிகிறது; அதை வைத்து அவர்களால் சண்டை போட முடிகிறது. நமக்குச் சண்டை போடக்கூட ஒரு எண் கிடையாது.

எண் இல்லாததால் காரணங்களும் பொத்தாம் பொதுவாகவே பேசப்படுகின்றன. ‘வறுமை’ என்பார்கள். ‘இந்தக் காலத்துப் பசங்களுக்குப் படிப்பில் அக்கறை இல்லை’ என்பார்கள். வறுமை உண்மைதான். ஆனால் வறுமை ஒரு மாணவனை ஒரே நாளில் கல்லூரியிலிருந்து வெளியே தள்ளுவதில்லை. சின்னச் சின்ன விஷயங்களாகத்தான் வருகிறது, வந்து ஒரே இடத்தில் சேர்கிறது. அந்த இடத்தின் பெயர் 75 சதவீத வருகைப்பதிவு.

அதற்கு முன்னால் மலையின் அமைப்பைப் பார்க்க வேண்டும். உதகை, குன்னூர், கோத்தகிரி, குந்தா, கூடலூர், பந்தலூர் என்று ஆறு தாலுகா. ஆணும் பெண்ணும் சேர்ந்து படிக்கும் பழைய அரசு கலைக் கல்லூரி உதகையில் இருக்கிறது, 1955-ல் தொடங்கியது. ஜான் சல்லிவன் 1822-ல் கட்டிய கல் பங்களா அதன் வளாகத்துக்குள்தான் நிற்கிறது. கூடலூரில் பாரதியார் பல்கலைக்கழக உறுப்புக் கல்லூரியாக இருந்தது பிறகு அரசுக் கல்லூரி ஆனது. குன்னூரில் பெண்களுக்குப் பிராவிடன்ஸ் கல்லூரி உண்டு. அங்கே ஒரு அரசு கலை அறிவியல் கல்லூரி வரும் என்று 2025-26 பட்ஜெட்டில்தான் அறிவிப்பு வந்தது. மஞ்சூருக்கும் அப்பால் கிண்ணக்கொரையில் இருக்கும் பிள்ளைக்கும், அய்யன்கொல்லிப் பக்கம் எஸ்டேட் லைனில் இருக்கும் பிள்ளைக்கும் கல்லூரி என்பது முதலில் ஒரு பஸ் பயணம்.

இப்போது கணக்கு. ஒரு செமஸ்டருக்கு 90 வேலை நாள். 75 சதவீதம் என்றால் 68 நாள் வர வேண்டும். 22 நாள் வராமல் இருக்கலாம். தாராளமாகத்தானே இருக்கிறது? இருங்கள். பல கல்லூரிகளில் முதல் மணி நேரம் தவறினால் அரை நாள் போச்சு. வாரத்துக்கு இரண்டு நாள் பஸ் தாமதமாகிறது என்று வைத்துக்கொள்வோம். மலையில் இது மிகையான கணக்கே இல்லை. ஒரு லாரி கொண்டை ஊசி வளைவில் மாட்டிக்கொண்டால் போதும், ஒரு மரம் சாய்ந்தால் போதும், பின்னால் வரும் எல்லா பஸ்ஸும் நிற்கும். 90 நாள் என்பது 18 வாரம். வாரம் இரண்டு அரை நாள் என்றால் 18 நாள் காலி. கையில் மிச்சம் 4 நாள். அதற்குள் ஒரு காய்ச்சல், ஹட்டியில் (படுகர் ஊரில்) ஒரு சாவு, தாலுகா ஆபீஸுக்கு ஒரு நடை, தங்கச்சியை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக ஒரு நாள். முடிந்தது. இத்தனைக்கும் இந்தப் பிள்ளை ஒரு நாள்கூட வேண்டுமென்று கட் அடிக்கவில்லை.

75-க்குக் கீழே போனால் என்ன ஆகும்? பொதுவாக 65 வரை இருந்தால் காண்டனேஷன் ஃபீஸ், அதாவது வருகைக் குறைவை மன்னிப்பதற்கான கட்டணம் கட்டி, மருத்துவச் சான்று வைத்துத் தப்பிக்கலாம். அதற்கும் கீழே போனால் அந்த செமஸ்டர் பரீட்சை எழுத முடியாது. பாதிக்கும் கீழே என்றால் செமஸ்டரையே மறுபடி படிக்க வேண்டும். ‘லேக் ஆஃப் அட்டெண்டன்ஸ்’ என்பதைச் சுருக்கி, இதை மாணவர்கள் ‘லேக் விழுந்திடுச்சு’ என்பார்கள். மறுபடி படிப்பது கேட்கச் சுலபம். ஆனால் ஒற்றைப்படை செமஸ்டர் ஜூனில்தான் தொடங்கும். ஒரு வருடம் காத்திருக்க வேண்டும். அந்த ஒரு வருடத்தில் பெயர் பதிவேட்டில் இருக்காது. பெயர் இல்லையென்றால் இலவச பஸ் பாஸ் இல்லை, உதவித்தொகை இல்லை, அரசு தரும் மாதம் 1,000 ரூபாய் இல்லை. பஸ்ஸால் வருகை குறைந்தவனுக்குத் தண்டனையாகப் பஸ் பாஸையே எடுத்துவிடுகிறோம். வருடம் முடிந்து திரும்பி வருகிறவர்களை நான் விரல்விட்டு எண்ணிவிடுவேன்.

கல்லூரி நாட்காட்டி கோவைச் சமவெளியில் போடப்படுவது. முதல் செமஸ்டர் தொடங்கும் ஜூன், ஜூலையில்தான் கூடலூர், பந்தலூர், தேவாலாப் பக்கம் தென்மேற்குப் பருவமழை கொட்டும். 2019 ஆகஸ்டு 8 அன்று அவலாஞ்சியில் ஒரே நாளில் பெய்தது 82 சென்டிமீட்டர். பல ஊர்களுக்கு ஒரு வருட மழை அது. மழை நாட்களில் கலெக்டர் விடுமுறை அறிவிப்பார். சில நாள் ‘பள்ளி, கல்லூரிகளுக்கு’ என்று வரும், சில நாள் ‘பள்ளிகளுக்கு மட்டும்’ என்று வரும். ‘மட்டும்’ என்ற அந்த ஒரு சொல்லுக்காகக் காலை ஆறு மணிக்கு எத்தனை வீடுகளில் வாட்ஸ்அப்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள் தெரியுமா? கல்லூரி மாணவன் வளர்ந்தவன், வந்துவிடுவான் என்பது நினைப்பு. அவன் ஏற வேண்டிய பஸ் வளரவில்லையே.

அந்த செமஸ்டரின் பரீட்சை நவம்பரில். அது வடகிழக்குப் பருவமழை. குன்னூர், கோத்தகிரிப் பக்கம் மண் சரியும் காலம். 2009 நவம்பரில் நீலகிரியில் நடந்த நிலச்சரிவுகளில் நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அவ்வளவு பெரிதாக இல்லாவிட்டாலும் மேட்டுப்பாளையம் ரோட்டில் மண் விழாத நவம்பர் அபூர்வம். அடுத்த பரீட்சை ஏப்ரல், மே. அது சீசன். வருடத்தில் கையில் காசு பார்க்கும் இரண்டே மாதம். காட்டேஜ், சாக்லேட் கடை, டாக்ஸி, ஜீப், மலர்க் கண்காட்சிக் கூட்டம் என்று எல்லா இடத்திலும் பையன்கள் வேண்டும். படிக்கும் பையன் என்றால் இன்னும் நல்லது, இங்கிலீஷ் நாலு வார்த்தை பேசுவான். இப்படி மலையின் இரண்டு கெடுபிடியான காலத்திலும் சரியாகப் பரீட்சை வந்து உட்காருகிறது. யாரும் திட்டம் போட்டுச் செய்ததல்ல. யோசித்துப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

கேரட் பற்றிச் சொன்னேன். அதைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்கலாம். கேத்தி பாலாடா, முத்தோரைப் பக்கத்தில் கேரட் அறுவடை விடியற்காலைக்கு முன்பே நடக்கும். அறுத்து, மெஷினில் கழுவி, மூட்டை கட்டி, மேட்டுப்பாளையம் மண்டிக்கு லாரி நேரத்தோடு போய்ச் சேர வேண்டும். நெற்றியில் டார்ச் கட்டிக்கொண்டு இரண்டு மணிக்கு வயலில் இறங்கும் ஆட்களில் கல்லூரிப் பையன்களும் இருப்பார்கள். குளிர் எலும்புக்குள் போகும். ஈர மண்ணில் விரல் மரத்துவிடும். ஏழு மணிக்கு வேலை முடியும். கூலி கையில் வாங்கி, வீட்டுக்குப் போய்க் குளித்து, ஒன்பதரைக்கு வகுப்பில் உட்கார்ந்தால் முதல் மணி நேரத்திலேயே தலை சாயும். நான் கொஞ்ச காலம் வகுப்பெடுத்த இடத்தில் கடைசி பெஞ்சில் ஒருவன் இப்படித்தான் தூங்குவான். நகக்கண்ணில் செம்மண் போகவே போகாது. முதல் மாதம் முழுக்க அவனை எழுப்பித் திட்டினேன். விஷயம் தெரிந்த பிறகு எழுப்புவதை நிறுத்தினேன். அது சரியா என்று இன்றுவரை எனக்குத் தெளிவில்லை. அவன் வருகைப்பதிவு பிரமாதம். நான்கு தாள் அரியர்.

அரியர் என்றதும் ஆங்கிலத்துக்கு வந்துதான் ஆக வேண்டும். பட்டப்படிப்பின் முதல் நான்கு செமஸ்டரில் பகுதி ஒன்று தமிழ், பகுதி இரண்டு ஆங்கிலம். என் அனுபவத்தில் கூண்டோடு ஆட்கள் விழுவது இங்கேதான். வரலாறு நன்றாக எழுதுகிறவன், கணக்கில் கெட்டிக்காரி, இருவருமே செமஸ்டர் ஒன்றில் ஆங்கிலம் போய்விட்டால் அடுத்த ஐந்து செமஸ்டரும் அதை முதுகில் சுமந்துகொண்டு வருகிறார்கள். நீலகிரியில் இதற்கு இன்னொரு மடிப்பு உண்டு. பலருக்குத் தமிழே இரண்டாவது மொழி. வீட்டில் படுகு பேசும் பிள்ளை, கூடலூரில் மலையாளமோ கன்னடமோ பேசும் பிள்ளை, பணியர் பாடியில் (குடியிருப்பில்) தங்கள் மொழி பேசும் பிள்ளை எல்லோரும் பள்ளியில் தமிழில் படித்து, கல்லூரியில் திடீரென்று ஆங்கிலத்தில் நோட்ஸ் எழுதுகிறார்கள். அப்புறம் ‘பேஸிக் வீக்’ என்று நாமே ஒரு முத்திரை குத்திவிடுகிறோம்.

அந்த ஆங்கிலத்தைத் தூக்கி நிறுத்த ஆசிரியர் நிலையாக இருக்க வேண்டும். தமிழ்நாட்டு அரசு கலைக் கல்லூரிகளில் 7,000-க்கும் மேற்பட்ட கௌரவ விரிவுரையாளர்கள் வேலை செய்கிறார்கள். மாதம் 25,000 ரூபாய், அதுவும் பதினோரு மாதம். 4,000 உதவிப் பேராசிரியர் இடங்களுக்கு 2024 மார்ச்சில் அறிவிக்கை வந்தது. தேர்வுத் தேதி தள்ளித் தள்ளிப் போனது. சமவெளியிலிருந்து மலைக்கு வந்து வாடகை வீடு பிடித்து இந்தச் சம்பளத்தில் காலம் தள்ளுகிறவர், கீழே ஒரு வேலை கிடைத்ததும் செமஸ்டர் நடுவிலேயே இறங்கிவிடுவார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் மாணவனுக்கு அந்தத் தாளில் இரண்டு யூனிட் நடக்காமலே பரீட்சை வந்துவிடும்.

அடுத்தது காகிதம். தமிழ்நாட்டில் அருகிப்போகும் நிலையில் உள்ள பழங்குடிகள் என்று வகைப்படுத்தப்பட்ட தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் ஆறு பேரும் நீலகிரியில் வாழ்கிறார்கள். மற்ற வகுப்பினருக்குச் சாதிச் சான்று வட்டாட்சியர் அலுவலக மட்டத்திலேயே முடிந்துவிடும். பழங்குடியினருக்கு வருவாய்க் கோட்டாட்சியர் கையெழுத்து வேண்டும். போலிச் சான்றுகளைத் தடுக்க வந்த ஏற்பாடு, நியாயமானதுதான். ஆனால் யாருக்காக அந்தக் காவல் போட்டார்களோ அந்தப் பிள்ளையே வாசலில் நிற்க நேர்கிறது. அப்பாவுக்குச் சான்று இல்லை, தாத்தாவுக்குப் பத்திரம் இல்லை, விசாரணைக்கு ஆள் வர வேண்டும். சான்று இல்லாமல் உதவித்தொகை வராது. கூடலூர், பந்தலூரில் ஜென்ம நிலச் சிக்கலும், அதாவது பழைய பரம்பரை நிலவுடைமைச் சிக்கலும், சேர்ந்துகொள்கிறது. 1969-ல் ஜென்ம ஒழிப்புச் சட்டம் வந்தும் அதன் பிரிவு 17-ன் கீழ் வரும் நிலங்களில் தலைமுறையாகக் குடியிருப்பவர்களுக்கு இன்னும் பட்டா இல்லை. பட்டா இல்லாத வீட்டைக் காட்டி எந்த வங்கியில் என்ன கேட்பது? சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்தில் இலங்கையிலிருந்து வந்து டேன்டீ என்ற அரசுத் தேயிலைத் தோட்டங்களில் குடியேறிய குடும்பங்களுக்கு லைன் வீடே சொந்தமில்லை.

உண்டு உறைவிடப் பள்ளியில் பன்னிரண்டு வரை மூன்று வேளைச் சோறும் படுக்கையும் கிடைத்த பிள்ளைக்கு, கல்லூரியில் விடுதி இடம் கிடைக்காவிட்டால் கதை அதோடு சரி. கூடலூர்ப் பக்கம் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் யானை நடமாடும் பாதையில் ஒரு பெண்ணைத் தினமும் தனியாக நடந்து வரச் சொல்ல முடியுமா? கடைசி மணி நேரம் வகுப்பை விட்டுவிட்டு முந்தைய பஸ்ஸைப் பிடிப்பாள். மறுபடி அதே 75 சதவீதம்.

இத்தனையும் தாண்டி முடித்தால் என்ன கிடைக்கும் என்ற கேள்வியைப் பையன்கள் கேட்கத்தான் செய்கிறார்கள். நாம்தான் பதில் சொல்வதில்லை. மலையில் பேர் சொல்லும் வேலை என்றால் அருவங்காடு வெடிமருந்துத் தொழிற்சாலை, வெலிங்டன் ராணுவ மையம். தொழிற்சாலைக்கு ஐ.டி.ஐ., ராணுவத்தில் சேரப் பத்தாம் வகுப்பு, இரண்டுக்கும் பி.ஏ. வரலாறு தேவையில்லை. ஊட்டியின் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ஒரு தலைமுறைக்குச் சோறு போட்டது, மூடியாகிவிட்டது. பச்சைத் தேயிலை விலை எப்போது ஏறும், எப்போது இறங்கும் என்று சிறு விவசாயிக்கே தெரியாது. இறங்கிய மாதம் முதலில் நிற்பது மகனின் மெஸ் பில். 2001-ல் 7,62,141 ஆக இருந்த மாவட்ட மக்கள்தொகை 2011-ல் 7,35,394. குழந்தை பிறப்பு குறைந்ததும் ஒரு காரணம், ஆட்கள் இறங்கிப் போனதும் ஒரு காரணம். படித்தால் மலையை விட்டுப் போக வேண்டும், படிக்காவிட்டால் டிரைவிங் லைசென்ஸோடு இங்கேயே இருக்கலாம். இருபது வயதில் இரண்டாவது அவ்வளவு மோசமான யோசனையாகத் தெரியாது.

பெண்கள் விஷயத்தில் நிலைமை கொஞ்சம் மாறியிருக்கிறது. 2022 செப்டம்பர் 5-ல் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தில், அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்த மாணவிக்குப் படிப்பு முடியும் வரை மாதம் 1,000 ரூபாய் அவள் பெயரிலுள்ள கணக்குக்கே வருகிறது. தொகை பெரிதல்ல; கொழுந்து பறிக்கும் அம்மாவின் மூன்று நாள் கூலிக்குக்கூட எட்டாது. ஆனாலும் ‘எதுக்கு அலையறே, நின்னுக்கோ’ என்ற பேச்சை அது வீட்டில் கொஞ்சம் அடக்கியிருக்கிறது. நின்றால் பணமும் நிற்குமே. பெண்களுக்கான கட்டணமில்லாப் பேருந்து 2021-லேயே வந்தாலும் மலைப் பகுதிகளுக்கு 2024-ல்தான் நீண்டது. பையன்களுக்கு இதே 1,000 ரூபாய் தரும் தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்டில். எனக்கென்னவோ 1,000 ரூபாய் பெண்ணைப் பிடித்து வைத்த அளவுக்குப் பையனைப் பிடித்து வைக்காது என்று தோன்றுகிறது. அவனுக்கு வெளியே கிடைக்கும் கூலி அதிகம், வீட்டில் அவனிடம் எதிர்பார்க்கும் தொகையும் அதிகம். பெண்ணை நிறுத்துவது கல்யாணம், அதுவும் பெரும்பாலும் மூன்றாம் வருடம். ‘பரீட்சை மட்டும் வந்து எழுதிக்கட்டும்’ என்று மாப்பிள்ளை வீட்டில் சொல்வார்கள். சிலர் வந்து எழுதுவார்கள். கைக்குழந்தையோடு தேர்வறை வாசலில் நிற்கும் பாட்டியைப் பார்த்திருக்கிறேன்.

கோயம்புத்தூருக்கு இறங்குகிறவர்கள் கதை வேறு. அங்கே படிப்பு கிடைக்கும், ஆங்கிலம் கிடைக்கும், ஃபீஸ் பில்லும் கிடைக்கும். இரண்டாம் வருடம் பணம் புரளவில்லையென்றால் நின்றுவிட்டு உதகைக்கே வந்து சேரலாம் என்று நினைப்பார்கள். மாற்றுச் சான்றிதழ் கேட்டால் ‘மூணு வருஷ ஃபீஸையும் கட்டிட்டு வாங்கிக்கோ’ என்ற பதில் வரும். அசல் சான்றிதழ்களைப் பிடித்து வைக்கக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018-லேயே சொல்லிவிட்டது. அது தெரிந்த அப்பாக்கள் எத்தனை பேர்? தெரிந்தாலும் ஒரு நாள் கூலியை விட்டு மலையிறங்கி, அலுவலக ஜன்னலுக்கு முன்னால் நின்று வாதாட வேண்டுமே.

பாதியில் நின்றவர்களை விட்டு, முழுதாக வந்தும் பட்டம் வாங்காதவர்களிடம் வருகிறேன். இந்தக் கூட்டத்தின் அளவு 2020-ல் ஒரு முறை வெளியே தெரிந்தது. கொரோனாவால் பரீட்சை நடத்த முடியாமல், ஃபீஸ் கட்டிய அரியர் மாணவர்கள் எல்லோரும் பாஸ் என்று அந்த ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு அறிவித்தது. முதல்வரை வாழ்த்திப் போஸ்டர் ஒட்டினார்கள், மீம்ஸ் பறந்தது. தொழில்நுட்பக் கல்வியைக் கவனிக்கும் மத்திய அமைப்பான ஏ.ஐ.சி.டி.இ. எதிர்த்தது, வழக்கு உயர்நீதிமன்றம் போனது, பரீட்சை வைத்தே ஆக வேண்டும் என்று கடைசியில் ஆனது. அந்த ஒரு வாரம் தமிழ்நாடு மொத்தமும் சிரித்தது. சிரித்தவர்கள், ‘அத்தனை பேர் ஒரே ஒரு தாளுக்காக வருடக்கணக்கில் நிற்கிறார்களே, ஏன்?’ என்று கேட்டிருக்கலாம்.

ஒரு தாள் எழுதுவது என்ன கஷ்டம்? மே மாதம் மூன்றாம் வருடம் முடிந்ததும் பையன் திருப்பூருக்கோ கோவைக்கோ வேலைக்குப் போகிறான். பரீட்சைக் கட்டணம் கட்டக் கடைசித் தேதி கல்லூரி நோட்டீஸ் போர்டில் ஒட்டப்படும். அதைப் பார்க்க அவன் அங்கே இல்லை. வகுப்பு வாட்ஸ்அப் குழுவும் அதற்குள் அமைதியாகிவிடும். ஒரு முறை தவறினால் ஆறு மாதம். அடுத்த முறை கட்டுகிறான், கம்பெனியில் லீவு கிடைக்கவில்லை. அதற்கடுத்து எழுதுகிறான்; புத்தகம் தொட்டு இரண்டு வருடமாயிற்று, 35 வாங்குகிறான், வேண்டியது 40. நடுவில் பாடத்திட்டம் மாறும். பழைய தாளுக்கு இணையான புதுத் தாள் எது என்று கல்லூரியில் எழுதி வாங்க வேண்டும். கடைசியில் காலக்கெடுவும் தாண்டிவிடும். பல்கலைக்கழகம் எப்போதாவது சிறப்பு வாய்ப்பு என்று அறிவிக்கும் வரை காத்திருக்க வேண்டும். இந்த வரிசையில் எந்த இடத்திலும் அவன் ‘எனக்கு டிகிரி வேண்டாம்’ என்று சொல்லவே இல்லை.

இதில் பாதிக்குப் பெரிய செலவே இல்லை. காலை முதல் பஸ்ஸையும் முதல் மணி நேரத்தையும் ஒன்றுக்கொன்று பொருத்துவதற்கு ஒரு போக்குவரத்துக் கிளை மேலாளரும் ஒரு கல்லூரி முதல்வரும் ஒரு மேசையில் உட்கார்ந்தால் போதும். சாலை அடைபட்ட நாளை அந்தத் தாலுகா மாணவர்களுக்கு வருகையாகவே வைத்துக்கொள்ளலாம். பஸ் வரவில்லை என்பதற்குப் போக்குவரத்துக் கழகமே சாட்சி. முதல் செமஸ்டர் ஆங்கிலத்தில் விழுந்தவர்களைக் கோடையில் சேர்த்து வைத்து ஒரு மாதம் சொல்லிக்கொடுக்கலாம் என்று எழுத ஆசைதான், ஆனால் கோடை என்றால் சீசன். ஜனவரியில்தான் வைக்க வேண்டும். மூன்றாம் வருடம் முடிந்து தாள் பாக்கி உள்ளவர்களின் பட்டியல் கல்லூரி அலுவலகத்திலேயே இருக்கிறது. தேர்வுக் கட்டண அறிவிப்பு வரும்போது ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு குறுஞ்செய்தி போனால் எத்தனை பேர் வருவார்கள் என்று பார்க்க எனக்கு ஆவல்.

தொட்டபெட்டா சந்திப்பில் ஒருவழியாக வண்டி நகர்ந்தது. நவம்பரில் எழுதிவிடப் போவதாகச் சொன்னார் அந்த டிரைவர், அப்போது சீசன் இருக்காது. எந்த வருடத்துப் பாடத்திட்டம் என்று கேட்டேன். சொன்னார். அது மாறிவிட்டதே என்றேன். கியரை மாற்றியபடி என்னைத் திரும்பிப் பார்த்தார்.

‘எது சார், மேத்ஸா இங்கிலீஷா?’